பணிச்சூழலியல் என்றால் என்ன? தொழிலாளரின் உடல்நலத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

வேலைக்காக உடலை வளைக்காமல், உடலின் அளவுக்கும் ஆற்றலுக்கும் ஏற்றபடி வேலையையும் கருவியையும் இடத்தையும் அமைப்பதே பணிச்சூழலியல்.

கிருஷ்ணகிரியின் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில், தரையில் இருக்கும் பழக்கூடையைக் குனிந்து தூக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நிறைகுடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெகுதூரம் நடக்க முடிகிற நமக்கு, அதே குடத்தைக் கைநீட்டிப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்பதும் கடினம். எடை உடலைவிட்டு விலக விலக, நெம்புகோலில் நிகழ்வதைப் போலவே, அதைத் தாங்கக் கீழ்முதுகுத் தசைகள் பன்மடங்கு விசையுடன் இழுக்க வேண்டியிருப்பதும், அந்த அழுத்தம் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் மீது விழுவதுமே இதற்குக் காரணம். எல்லாம் சாதகமாக அமைந்தாலும் 23 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் 1991ஆம் ஆண்டுக் கணக்கீடு. குனிந்தோ திரும்பியோ தூக்கினால் இந்த வரம்பு இன்னும் குறையும். கூடையை இடுப்பளவு மேடையில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும் என்பது என் கருத்து.

பாரமே இல்லாத வேலையிலும் வலி வரும். தருமபுரிப் பக்கம் நாள் முழுவதும் தரையில் அமர்ந்து புளியிலிருந்து கொட்டை நீக்கும் பெண்களின் கழுத்துத் தசைகள் தளராமல் இறுகியே இருப்பதால், அவற்றில் ரத்த ஓட்டம் குறைந்து சோர்வு தேங்குகிறது. அவ்வப்போது எழுந்து நடப்பது இதனால்தான் அவசியமாகிறது. அதைச் சோம்பலாகக் கருதும் மேற்பார்வையாளர்களும் உண்டு.

பணிச்சூழலியல் என்பது கணினி முன் அமர்வோருக்கான விலையுயர்ந்த நாற்காலி என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் களைக்கொத்தின் காம்பை நீளமாக்கிக் குனிவதைக் குறைப்பதும் பணிச்சூழலியலே.