டெஸ்டிங் வேலைதானே என்று தயங்கும் ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. கூடப் படிப்பவர்கள் எல்லாம் வெப் டெவலப்மென்ட், ஏஐ என்று சான்றிதழ் சேர்க்கும்போது, இறுதியாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் உங்கள் மகள் கறுப்புத் திரையில் ஏதோ ஃபைல் சிஸ்டம் டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது ஒன்று. டெஸ்டிங் என்பது கோடிங் வராதவர்களைத் தள்ளிவிடும் இடம் என்று உறவினர் ஒருவர் சொன்னது இன்னொன்று. உறவினர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் வருத்துவது அதுதான், அது தவறும்கூட.

ஆப்பில் ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, வேலை செய்கிறதா என்று எக்செல்லில் டிக் அடிக்கும் மேனுவல் டெஸ்டிங்கை மனதில் வைத்து அவர் பேசுகிறார். அதில் வளர்ச்சி குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் மகள் எழுதுவது வேறு ரகம். டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பது ஃபைல் சிஸ்டம். வங்கிக் கணக்கு, ஸ்கேன் ரிப்போர்ட், உங்கள் போனில் உள்ள போட்டோ எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. அதில் பிழை வந்தால் சில நேரம் எரர் மெசேஜ் கூட வராது. தகவல் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

2023 நவம்பரில் அப்படித்தான் நடந்தது. ஓப்பன் இஸட்எஃப்எஸ் என்பது தகவலைப் பத்திரமாகக் காப்பதற்கே பெயர்போன ஃபைல் சிஸ்டம். எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது ஃபைலின் ஒவ்வொரு துண்டுக்கும், செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்துச் சரிபார்க்கும். அதன் 2.2.0 பதிப்பில் காப்பி எடுத்த சில ஃபைல்களில் நடுநடுவே சில பகுதிகள் பூஜ்ஜியமாகிக் கிடந்தன. ஃபைலின் அளவு சரியாக இருந்தது. செக்சமும் சரி, ஏனென்றால் அந்தப் பூஜ்ஜியங்களையே அது முறைப்படி எழுதி வைத்திருந்தது. காப்பி எடுக்கும்போது தகவலை மறுபடி எழுதாமல் பழைய பிளாக்குகளையே பகிர்ந்துகொள்ளும், புதிதாகச் சேர்த்த பிளாக் குளோனிங் வசதியைத்தான் முதலில் சந்தேகப்பட்டு, 2.2.1-இல் அதை அணைத்தார்கள். ஆனால் பிழையின் வேர் அதைவிடப் பழையது. இப்போதுதான் எழுதிய, இன்னும் டிஸ்க்குக்குப் போய்ச் சேராத ஃபைலைப் பார்த்து ‘இதில் எங்கே தகவல், எங்கே வெற்றிடம்’ என்று காப்பி கட்டளை கேட்கும். மிகக் குறுகிய ஒரு கணத்தில் கேட்டால், தகவல் இருக்கும் இடத்தையே ‘வெற்றிடம்’ என்று ஃபைல் சிஸ்டம் சொல்லிவிடும். அந்த மாதக் கடைசியில் வந்த 2.2.2, 2.1.14 பதிப்புகளில் அதைத் திருத்தினார்கள். இதில் பெரிதும் கைகொடுத்தது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஒரு ஃபைலை எழுதும், பல காப்பிகளை ஒரே நேரத்தில் எடுக்கும், எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிடும், அவ்வளவுதான். உங்கள் மகள் கற்றுக்கொள்வது அப்படிப்பட்ட ஸ்கிரிப்டை எழுதத்தான். பிழையைக் கூப்பிட்டால் வரும்படி செய்வதும், திருத்திய பிறகு அது மறுபடி தலைகாட்டினால் உடனே மாட்டும்படி செய்வதும்தான் ரிக்ரெஷன் டெஸ்ட்.

லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இதற்கென்றே எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்று ஒரு டெஸ்ட் தொகுப்பு இருக்கிறது. எஸ்ஜிஐ என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்காகத் தொடங்கியது, இன்று எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் உட்படப் பல ஃபைல் சிஸ்டங்களை அதை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு டெஸ்டும் பெரும்பாலும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட்தான், அதாவது லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஃபைல். பக்கத்தில், என்ன அவுட்புட் வரவேண்டும் என்று எழுதிவைத்த இன்னொரு ஃபைல் இருக்கும். ஓட்டும்போது வரும் அவுட்புட் அதோடு ஒத்துப்போகாவிட்டால் ஃபெயில்.

அடுத்த இரண்டு பத்திகளை மகளிடம் படிக்கக் கொடுங்கள் அம்மா.

டெஸ்ட் ஃபைலைப் பூஜ்ஜியத்தால் நிரப்பாதேம்மா. வெற்றிடத்தைப் படித்தாலும் பூஜ்ஜியம்தான் வரும், அதனால் தொலைந்த தகவல் சரியான தகவல் போலவே தெரியும். மேலே சொன்ன இஸட்எஃப்எஸ் பிழை அப்படிப்பட்ட டெஸ்டில் தாராளமாகப் பாஸ் ஆகிவிடும். ஒவ்வொரு பிளாக்குக்கும் வெவ்வேறு எழுத்தைக் கொடு. ஒன்றின் தகவல் இன்னொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்தால் அப்போதுதான் மாட்டும். அப்புறம், எழுதிய கையோடு படித்துப் பார்த்துத் திருப்தி அடையாதே. டிஸ்க்கில் குப்பையே இருந்தாலும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல், தன் மெமரியில் வைத்திருக்கும் நல்ல பிரதியை எடுத்துக் கொடுத்துவிடும். ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்து (கழற்றி), திரும்ப மவுண்ட் செய்து (மாட்டி), அதன் பிறகு ஒப்பிடு.

கரன்ட் போன நிலையைச் சோதிக்க, கெட்டுப்போன டிஸ்க் போல நடிக்கும் டிஎம்-ஃப்ளேக்கி என்ற லினக்ஸ் வசதி இருக்கிறது. எழுதச் சொல்வதை எல்லாம் வாங்கிக்கொண்டு டிஸ்க்குக்கு அனுப்பாமல் விட்டுவிட அதை ஏவலாம். ஃபைலை எழுது, எஃப்சிங்க் செய் (டிஸ்க்கில் எழுதி முடி என்ற கட்டளை), ஃப்ளேக்கியை அந்த நிலைக்கு மாற்று, அன்மவுண்ட் செய், ஃப்ளேக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மவுண்ட் செய்து பார். எஃப்சிங்க் முடிந்தது என்று ஃபைல் சிஸ்டம் சொன்ன தகவல் இருந்தே ஆகவேண்டும். எஃப்சிங்க் செய்யாதது போனால் அது பிழை ஆகாது. கொடுக்காத வாக்குறுதியைக் கேட்கும் டெஸ்டை ரிவ்யூவில் திருப்பி அனுப்புவார்கள், அது நியாயம்தான். திருத்தத்துக்கு முந்தைய கெர்னலில் உன் டெஸ்ட் ஃபெயில் ஆகிறதா என்று கட்டாயம் ஓட்டிப் பார். இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். அப்படி விட்டால், டெஸ்ட் பிழையைத்தான் பிடிக்கிறது என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

மறுபடி உங்களிடம் வருகிறேன் அம்மா. ஒரு மாணவியால் இந்தத் துறையில் உண்மையாக எதையும் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விஜய் சிதம்பரத்தின் குழுவில், ஜெயஸ்ரீ மோகனும் சக மாணவர்களும் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கரன்ட் போவது போலத் திடீரென நின்றுபோனால் தகவல் கெடும் பிழைகளில் முந்தைய ஐந்து ஆண்டுகளில் பதிவானவற்றைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, புதிய, காலியான ஃபைல் சிஸ்டத்தில் மூன்றோ அதற்கும் குறைவாகவோ செயல்கள் செய்தாலே பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடுகின்றன என்று தெரிந்தது. ஒரு ஃபைலை உருவாக்கு, பெயரை மாற்று, எஃப்சிங்க் செய்: இந்த மாதிரிச் சின்ன வரிசைகள்தான். அவற்றைத் தானாக உண்டாக்கிச் சோதித்து, லினக்ஸில் அதுவரை தெரியாத 10 பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஏழு, 2014-இலிருந்தே கெர்னலில் இருந்தவை. உங்கள் மகள் எழுதும் டெஸ்டுகளை ஓட்ட, வீட்டு லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (லேப்டாப்புக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் தனி கம்ப்யூட்டர்) போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் ஸ்கிராட்ச் என்று குறிக்கும் டிஸ்க்கை டெஸ்டுகள் திரும்பத் திரும்ப ஃபார்மட் செய்யும். அந்த இடத்தில் லேப்டாப்பின் சொந்த பார்ட்டிஷன் பெயரை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. விர்ச்சுவல் மெஷினுக்குள் தனி டிஸ்க் இமேஜ்கள் செய்துகொள்ளட்டும். குடும்பப் போட்டோக்கள் அதே லேப்டாப்பில் இருந்தால் முதலில் பேக்கப் எடுங்கள்.

வேலைவாய்ப்பை உள்ளபடியே சொல்கிறேன். நெட்ஆப், ஐபிஎம், ரெட் ஹேட், நியூட்டானிக்ஸ் போன்ற நிறுவனங்களுக்குப் பெங்களூருவில் அலுவலகங்கள் உண்டு, ஸ்டோரேஜ் சார்ந்த வேலை அவர்களுக்குத் தேவை. ஃபிரெஷர்களுக்கான இடங்கள் குறைவு. ஆனால் போட்டியிடுபவர்களும் குறைவு, அவர்களில் சொந்தமாக ஒரு டெஸ்டாவது பொதுத் தொகுப்பில் சேர்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ரெஸ்யூமில் பத்துச் சான்றிதழ்கள் இருப்பதைவிட, ‘இந்தப் பிழைக்கு இந்த டெஸ்ட் எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள்’ என்ற ஒரு வரி இருப்பது மேல். நேர்காணல் எடுப்பவர் அதைத் திறந்து, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்கலாம். தானே எழுதியவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். சி மொழி, ஆப்பரேட்டிங் சிஸ்டம், பாஷ் மூன்றும் நன்றாக வரவேண்டும். கல்லூரிப் பாடத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மதிப்பெண்ணுக்காகப் படித்திருந்தால், இப்போது ஒரு முறை முழுதாகப் படிக்கட்டும்.

பணம் கட்டி சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இதற்குத் தேவையானது எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் பணத்தில் லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டியும் கொஞ்சம் கூடுதல் ராமும் போட்டுக் கொடுத்தால் அவளுக்கு நேரம் மிச்சமாகும்.

இதற்காகக் கேம்பஸில் கிடைத்த ஆஃபரை விட்டுவிடுவேன் என்று அவள் அடம்பிடித்தால், நான் உங்கள் பக்கம். ஒப்புக்கொள்ளட்டும். சேரும் தேதி வரும்வரை இருக்கும் மாதங்களில் இரண்டு மூன்று டெஸ்டுகளை முழுமையாக முடிக்கலாம், சேர்ந்த பிறகும் வார இறுதிகள் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் ஆஃபர் லெட்டரில் இரண்டு இடங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எத்தனை வருட பாண்ட், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒன்று. வேலை நேரத்துக்கு வெளியே அவள் எழுதும் ஓப்பன் சோர்ஸ் கோடும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று எழுதியிருக்கிறதா என்பது மற்றொன்று. அப்படி இருந்தால், ஹெச்ஆரிடம் எழுத்துபூர்வமாக அனுமதி கேட்டு ஈமெயில் அனுப்பச் சொல்லுங்கள்.