காந்தத்தைத் தாண்டுமா சூப்பர்கண்டக்டர் கரண்ட்?

கேள்வி: ஏனுங்க, சூப்பர்கண்டக்டருக்கும் காந்தத்துக்கும் ஆகவே ஆகாது என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் இரண்டு சூப்பர்கண்டக்டருக்கு நடுவில் காந்தப் படலத்தை வைத்தே கரண்ட் அனுப்புகிறார்களாமே, எது சரி?
– எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டும் சரிதானுங்க. கடுங்குளிரில் தடையே இல்லாமல் கரண்ட் கடத்தும் பொருள்தான் சூப்பர்கண்டக்டர். அதற்குள் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகப் போகின்றன, நையோபியம் மாதிரிப் பொருளில் ஜோடியில் ஒன்றின் ஸ்பின் (எலெக்ட்ரானுக்குள் இருக்கும் குட்டிக் காந்த முள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) மேலே, மற்றதன் ஸ்பின் கீழே. காந்தமோ எல்லா ஸ்பின்னையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். அப்புறம் ஜோடி எங்கே நிற்கும்? கோபால்ட்டுக்குள் சில நானோமீட்டர் போவதற்குள் பிரிந்துவிடும். உங்கள் வகுப்பில் சொன்னது இதைத்தான்.

ஆனால் சும்மா பிரிவதில்லை. காந்தத்துக்குள் இரண்டு ஸ்பின்னுக்கும் உந்தம் வேறுபடுவதால், ஜோடியின் அலை தேயும்போதே கூட்டல், கழித்தல் என்று குறி மாறி ஆடுகிறது, படலத்தின் தடிமன் வாகாக அமைந்தால் மறுகரை சேரும்போது குறி தலைகீழாகிவிடும். இப்படிக் குறி மாறும் சூப்பர்கண்டக்டர்-காந்தம்-சூப்பர்கண்டக்டர் அடுக்குதான் பை (π) சந்தி. காந்த அணுக்கள் கலந்த தடுப்பில் பை சந்தி வரலாம் என்று 1977-லேயே புலேவ்ஸ்கியும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள், காந்தப் படலத்துக்கான இந்தக் கணக்கு 1982-ல் வந்தது. 2001-ல் ரஷ்யாவில் ரியாசனோவ் குழு நையோபியத்துக்கு நடுவே செம்பு-நிக்கல் கலவையை வைத்துக் காட்டியது. குளிர்விக்கக் குளிர்விக்க ஏற வேண்டிய கரண்ட், இறங்கிப் பூஜ்ஜியமாகி மறுபடி ஏறியது! அந்தப் பூஜ்ஜியத்தில்தான் குறி மாறுகிறது.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். அதே 2001-ல் பெர்கெரெட், வோல்கோவ், எஃபெடோவ் மூவரும் ஒன்று சொன்னார்கள்: காந்தத்தின் திசை எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாமல் திரும்பிக்கொண்டே போனால், சில ஜோடிகளில் இரண்டு ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்க்க ஆரம்பிக்கும். அந்த ஜோடியைப் பிரிக்கக் காந்தத்துக்கு வேலையே இல்லை, எனவே அது வெகுதூரம் போகும். 2006-ல் குரோமியம் டை ஆக்சைடு வழியாகக் கரண்ட் போனதைப் பார்த்தார்கள், அதில் கரண்டைச் சுமப்பதெல்லாம் ஒரே ஸ்பின் எலெக்ட்ரான்கள்தான், எதிரெதிர் ஸ்பின் ஜோடிக்கு உள்ளே நுழையவே வழியில்லை. 2010-ல் கேம்பிரிட்ஜில் ராபின்சன் குழு கோபால்ட்டின் இரு பக்கமும் ஹோல்மியம் படலம் வைத்தது. ஹோல்மியத்தில் காந்தத் திசை சுருளாகத் திரும்பும், ஜோடியை ஒரே பக்க ஸ்பின்னாக மாற்றும் வேலையை அது பார்த்துக்கொள்ள, கோபால்ட்டைத் தடிமனாக்கியும் கரண்ட் அவ்வளவாகக் குறையவில்லை.

கேள்வி: இந்தக் காந்தப் படல சமாச்சாரம் எங்கள் மோட்டாருக்கு ஆகுமா?
– ரீவைண்டிங் கடைக்காரர், கணபதி, கோவை

பதில்: ஆகாதுங்க. இதில் ஓடுவது பெரும்பாலும் மில்லி ஆம்பியர், அதற்கும் கீழே. அதுவும் மைனஸ் 269 டிகிரியை ஒட்டிய குளிரில், திரவ ஹீலியம் செலவில். குளிரில் ஓடும் கம்ப்யூட்டருக்கு மெமரி செய்யத்தான் இதைப் பார்க்கிறார்கள். உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் வரும் சூப்பர்கண்டக்டர் வேறு, எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் சுற்றியிருக்கும் நையோபியம்-டைட்டானியம் காயில். ஒருதரம் கரண்ட் ஏற்றி முனைகளைச் சேர்த்துவிட்டால், குளிர் போகாதவரை சப்ளை இல்லாமலே அந்தக் கரண்ட் காயிலுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.