2024 பேஸ்பால் சீசனில் அப்படி என்னதான் நடந்தது?

கிரிக்கெட் மட்டுமே பார்ப்பவருக்கு அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 2024 சீசனைச் சுருக்கிச் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். 30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டம். முழுக்கச் சொன்னால் விடிந்துவிடும்.

அடிமட்டத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸ். 121 தோல்வி, நியூயார்க் மெட்ஸ் 1962-இல் வாங்கிய 120-ஐயும் தாண்டிவிட்டார்கள். நடுவில் 21 ஆட்டம் தொடர்ச்சியாகத் தோற்றார்கள், பாவம்.

உச்சியில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் வீரர் ஷோஹெய் ஒஹ்தானி. முழங்கை அறுவை சிகிச்சையால் அந்த வருடம் பந்து வீசவில்லை, மட்டை மட்டும்தான். அதிலேயே 54 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 59 பேஸ் திருட்டு. ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய தளங்கள்தான் பேஸ்; பந்து அடிபடாமலேயே அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது திருட்டு. ஒரே சீசனில் இரண்டிலும் ஐம்பதைத் தொட்டவர் அதற்கு முன் எவருமில்லை.

அப்புறம் இறுதித் தொடர்: லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் நியூயார்க் யாங்கீஸும். முதல் ஆட்டம் வழக்கமான 9 இன்னிங்ஸில் முடியாமல் 10-ஆவதுக்குப் போனது; டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்தங்கியிருக்கிறது, இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். கணுக்கால் வலியோடு நின்ற ஃப்ரெடி ஃப்ரீமேன் ஒரே ஹோம் ரன்னில் அந்த மூவரும் தானுமாக நான்கு ரன் எடுத்து முடித்தார்.

எனக்கு மறக்காதது ஐந்தாவது ஆட்டம். யாங்கீஸ் 5-0 முன்னிலை. அவர்களுடைய ஆரன் ஜட்ஜ் சுலபமான கேட்சைக் கோட்டைவிட்டார். அடுத்து ஒரு தப்பான எறி. கடைசியில் உருண்டு வந்த பந்து. அடித்தவரை அவுட்டாக்க முதல் பேஸுக்கு ஓட வேண்டிய யாங்கீஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) கெரிட் கோல் ஓடாமல் கையை மட்டும் காட்டினார். அந்த இன்னிங்ஸிலேயே 5-5. டாட்ஜர்ஸ் 7-6 என வென்று, 4-1 கணக்கில் கோப்பையைத் தூக்கியது.