98.2 சதவீதம்தான் ஒத்துப்போகிறது, புதிய பாக்டீரியாவா?

கேள்வி: மண்ணிலிருந்து மஞ்சள் நிறத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற மரபணுவின் வரிசையை ஒப்பிட்டுப் பார்த்ததில், மிக நெருங்கிய இனத்தோடுகூட 98.2 சதவீதம்தான் ஒத்துப்போகிறது. புதிய சிற்றினம் என்று பெயர் வைத்துவிடலாமா?

பதில்: பெயரை இப்போதே வைக்க வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம், இது நல்ல அறிகுறிதான். சுமார் 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் புதிய சிற்றினமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆனால் நீங்கள் படித்தது முழு மரபணுவா? அது சுமார் 1500 டிஎன்ஏ எழுத்து நீளம். அதில் பாதியை மட்டும் படித்துவிட்டுச் சதவீதம் சொன்னால் நம்ப முடியாது. ஒப்பிட்டதும் டைப் ஸ்ட்ரெய்ன்களோடு, அதாவது அந்தந்தச் சிற்றினத்துக்கு அடையாளமாகச் சேமித்துவைத்திருக்கும் மூல வளர்ப்புகளோடு இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் தப்பான பெயரோடு கிடக்கும் வரிசைகள் ஏராளம்.

இந்த ஒரு மரபணுவை மட்டும் நம்பக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் ஆந்த்ராக்ஸ் நோயைத் தருகிறது, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பயிர்ப்பூச்சிகளைக் கொல்லப் பயன்படுகிறது. இரண்டின் 16எஸ் வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றேதான்! அதனால் முழு ஜீனோமையும், அதாவது பாக்டீரியாவின் மொத்த டிஎன்ஏவையும் படித்துவிடுங்கள். நெருங்கிய உறவுகளோடு ஒப்பிடும்போது சராசரி ஒற்றுமை 95-96 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உங்கள் வாதம் உறுதியாகிறது.

அப்புறம் பொறுமை தேவைப்படும் வேலை. கிராம் சாயம் (செல் சுவரின் வகையைக் காட்டும் சோதனை), எந்த வெப்பநிலையில், எவ்வளவு உப்பில் வளர்கிறது, எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, செல்லில் என்னென்ன கொழுப்பு அமிலங்கள் என்று எல்லாவற்றையும், நெருங்கிய இனத்தின் டைப் ஸ்ட்ரெய்னையும் பக்கத்திலேயே வளர்த்து, ஒரே நிலைமையில் சோதிக்க வேண்டும். அடுத்தவர் கட்டுரையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் சரிவராது, வளர்க்கும் ஊட்ட ஊடகம் மாறினாலே கொழுப்பு அமில அளவு மாறிவிடும்.

பெயர் முறைப்படி செல்லுபடியாக, உயிருள்ள வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களில் ஒப்படைத்து, விவரத்தைச் சர்வதேச வகைப்பாட்டு, பரிணாம நுண்ணுயிரியல் இதழில் (ஐஜேஎஸ்இஎம்) வெளியிட வேண்டும். வேறு இதழில் வெளியிட்டால், பெயர் ஐஜேஎஸ்இஎம் இதழின் பட்டியலில் ஏற வேண்டும். ஆகவே முதலில் ஒரே காலனியிலிருந்து (தட்டில் புள்ளிபோல் வளரும் ஒரு கூட்டம்) எடுத்துத் திரும்பத் திரும்பத் தட்டில் கோடிட்டு வளர்த்து, வேறெதுவும் கலக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் சில குழாய்களை இந்த வாரமே வைத்துவிடுங்கள். வளர்ப்பு செத்துப்போனால் கையில் வெறும் வரிசை மட்டும்தான் மிஞ்சும்.