சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: தாம்பரத்தை அடுத்து, முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு சின்ன நகரில் குடியிருக்கிறோம். மூன்று தெரு, நாற்பது சொச்சம் வீடுகள். 1996-ல் மாமனார் கட்டிய வீடு. அவர் இப்போது இல்லை. வாசலில் பையோடு இறங்கினால் "என்ன, வெளியூரா?" என்கிறார்கள். யாராவது வந்துபோனால் "அவங்க யாரு?" என்கிறார்கள். என் மகள் ஆபீஸ் காரில் இரவு பதினொரு மணிக்கு வந்து இறங்கினால், மறுநாள் இஸ்திரிக்காரர் வரைக்கும் செய்தி போய்விடுகிறது. பக்கத்து வீட்டு அம்மா காலை ஆறு மணிக்கே காம்பவுண்டு சுவரில் எட்டி, "பெரியம்மா, தைராய்டு மாத்திரை போட்டாச்சா?" என்று என் மாமியாரைக் கேட்கிறார். எங்கள் வீட்டு மாத்திரை விவரம்கூட ஊருக்குத் தெரிய வேண்டுமா? வீட்டை விற்றுவிட்டு ஓ.எம்.ஆர். பக்கம் அபார்ட்மென்ட் வாங்கலாம் என்கிறேன். கணவர் பதில் சொல்லாமல் இழுக்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கணவருக்குப் புரியவைப்பது கிடக்கட்டும். அந்த மாத்திரைக்கு வருவோம்.

தெரு வம்புக்குச் சாட்சியாக அந்த ஒரு வரியை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு எதற்கோ சாட்சியாகப் படுகிறது. காலை ஆறு மணி, எந்த வீட்டிலும் பெண்களுக்குக் கை ஓயாத நேரம். அந்த நேரத்தில் ஒருத்தி அடுப்பை விட்டு சுவர் ஓரம் வந்து மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிறாள் என்றால், என்றைக்கோ போடாமல் விட்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது உங்கள் மாமியாரே, "மறந்து மறந்து போகுது, கொஞ்சம் ஞாபகப்படுத்தும்மா" என்று சொல்லி வைத்திருக்கிறார். இந்த வார்த்தையை அவர் உங்கள் சமையலறையில் வந்து சொல்லியிருக்கலாமே? சுவரைத் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்: அது எத்தனை மைக்ரோகிராம் மாத்திரை? 50-ஆ, 75-ஆ, 100-ஆ? அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்குக் குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். வயதானவர்கள் பலரும் போடுகிற கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இந்தக் கணக்கை உங்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள்? பக்கத்து வீட்டு அம்மா கேட்பது ஆறு மணிக்கு, காபிக்கு முன்னால். அவருக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது.

உங்களை மட்டும் கூண்டில் ஏற்றுவதாக நினைக்க வேண்டாம். பெற்ற தாயின் மருந்து முதலில் மகனின் பொறுப்பு. அதை மனைவி தலையில் கட்டிவிட்டுப் பேப்பர் விரிக்கும் ஆண்களை இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இன்னும் திட்டுவேன். உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். அவர் பதில் சொல்லாமல் இழுப்பதற்குக்கூட, அம்மாவிடம் போய்ப் பேசப் பயப்படுவதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால், வீட்டை விற்பதைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், மாமியார் அதற்கு என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. மாமனார் கட்டிய வீடு என்கிறீர்கள். அவர் பெயரில் இருந்து, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. மாமியார் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டை உங்களால் விற்க முடியாது. அப்படியானால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பேனாவைக் கையில் கொடுக்கும் அன்றைக்குத்தான் அவரிடம் சொல்வதாக இருக்கிறீர்களா?

அந்தப் பக்கத்து நகர்கள் உருவான கதை உங்கள் மாமியாருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். வயல்களெல்லாம் மனையாகி, மாதத் தவணையில் விற்ற காலம் அது. முதலில் வீடு கட்டியவர்களுக்கு ரோடு கிடையாது, தெருவிளக்கு கிடையாது, பாம்பு மட்டும் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கி டார்ச் அடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு வீட்டில் போர் போட்டால் நாலு வீடு அங்கே தண்ணீர் எடுத்தது. "யாரு வந்தது?" என்று கேட்பதுதான் அன்றைக்கு அவர்களுக்கு இருந்த ஒரே காவல். இருபத்தைந்து வருடமாகக் கேட்டுப் பழகிய வாய் இப்போது நிற்கவில்லை. அதில் வம்பும் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் கேஸ் சிலிண்டர் வந்தால் பணத்தைக் கொடுத்து இறக்கி வைப்பதும் அதே வாய்க்காரர்கள்தானே? வீட்டு மாற்றுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கின. கரண்ட் இல்லை, போன் இல்லை. படகு பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் நீங்கள் யார் வீட்டு மாடியில் ஏறினீர்கள்? அல்லது உங்கள் மாடிக்கு யார் ஏறி வந்தார்கள்? அன்றைக்கு உங்கள் வீட்டில் எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் யார் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருந்தது உங்களுக்கு உறுத்தியிருக்காது.

அபார்ட்மென்ட்டுக்குப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். பெரிய குடியிருப்புகளில் யார் வந்தார், எந்த பிளாட்டுக்கு, எத்தனை மணிக்கு, வண்டி எண் என்ன என்று கேட்டிலேயே பதிவு செய்கிறார்கள். உங்கள் மகள் பதினொரு மணிக்கு வந்தால் அங்கே கேமராவில் தேதியோடு இருக்கும். ஒன்று மட்டும் உண்மை, அங்கே காலை ஆறு மணிக்கு உங்கள் மாமியாரை யாரும் கூப்பிட மாட்டார்கள். எட்டாவது மாடியில், நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, மாலை ஆறு வரை அவர் யாரோடு பேசுவார் என்பதற்கு உங்களிடம் என்ன ஏற்பாடு?

உங்கள் மகள் விஷயம் வேறு. அதில் நீங்கள் கோபப்படுவது நியாயம், எனக்கும் கோபம் வருகிறது. உழைத்துவிட்டு வரும் பெண்ணின் நேரத்தைத் தெருவில் ஏலம் விடுவதற்கு எந்தப் பழகிய வாய்க்கும் உரிமை இல்லை. அதற்கு வீட்டை விற்க வேண்டாம். பேசுவது யார் என்று உங்களுக்குத் தெரியும். நேராக அவர் வீட்டுக்குப் போங்கள். உட்காருங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள். "அக்கா, பொண்ணு வர்ற நேரத்தைப் பத்தி வெளியே பேசாதீங்க. ராத்திரி கார் வரும்போது வாசல் லைட்டைப் போட்டு வச்சீங்கன்னா உதவியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நீங்களும் கணவரும் சேர்ந்தே போனால் இன்னும் நல்லது. பெரும்பாலும் அத்தோடு அடங்கும். அடங்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். அடுத்த தடவை இவ்வளவு மரியாதையாகச் சொல்லித் தர மாட்டேன்.

இப்போதைக்கு ஒரு வேலை. நாளை காலை ஐந்தேமுக்காலுக்கு உங்கள் கணவர் எழுந்து, மாத்திரையும் தண்ணீரும் எடுத்துப்போய் அவர் அம்மா கையில் கொடுக்கட்டும். அவர் ஊரில் இல்லாத நாளில் நீங்கள் கொடுங்கள். ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும். "போட்டாச்சுக்கா" என்று உங்கள் வீட்டிலிருந்து நீங்களே பதில் சொல்லுங்கள். ஒரு மாதம் இப்படிப் போகட்டும். அப்புறமும் விற்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் மாமியார் சொன்னதும் இருக்க வேண்டும்.