பிரின்சிபல் நாற்காலியில் உட்கார்ந்தபின் காணாமல் போன சந்தோஷம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அரசு ஆரம்பப் பள்ளி ஒன்றின் பிரின்சிபல், வயது 53, பதவிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் கேட்பது இது: “ஆசிரியையாக இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று மனசு துள்ளும். இப்போது அதே ஞாயிறு சாயங்காலம் வயிற்றைக் கலக்குகிறது. காலையில் போனால் தண்ணீர் வரவில்லை, பிள்ளைகளின் டாக்ஸி வரவில்லை, இரண்டு ஆசிரியர்கள் வரவில்லை, அப்புறம் இன்றைக்கே அனுப்பு என்று டிஸ்ட்ரிக்ட் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம். நாள் முடியும்போது ஒரு பிள்ளைக்காவது ஏதாவது செய்தேனா என்று தெரியவில்லை. 55 ஆனதும் போய்விடலாமா, இல்லை இந்த வேலையிலேயே நிறைவு காண வழி இருக்கிறதா?”

வழி இருக்கிறது, சகோதரி. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தான், இப்போது புதிதாகப் பொறுப்பேற்கும் பிரின்சிபல்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது தண்ணீரும் டாக்ஸியும் இல்லை, ஒரு பிள்ளைக்காவது ஏதாவது செய்தேனா என்ற அந்த வரிதான். வேலை உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகளிடமிருந்து தள்ளிக்கொண்டு போய் ஆபீஸில் அடைத்துவிட்டது. லீவு, யோகா, வெல்னஸ் பயிற்சி எதுவும் இதைச் சரிசெய்யாது. டைம்டேபிளில்தான் சரிசெய்ய வேண்டும்.

அதனால் முதல் வேலை, ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இது சலுகை இல்லை, விதியே அப்படித்தான். ஆசிரியர்களின் பணி நிபந்தனைகளைச் சொல்லும் பேம் ஆவணத்தில் பிரின்சிபலுக்கும் பாடநேரம் உண்டு. பள்ளியின் அளவையும் பதவியின் தரத்தையும் பொறுத்து அது கூடும் குறையும், ஆனால் ஆரம்பப் பள்ளியில் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. 2016-ல் வந்த பிரின்சிபல்களுக்கான தரநிலைக் கொள்கை இந்த வேலையை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கிறது, அதில் முதலாவதாக நிற்பது கற்றல் கற்பித்தலை வழிநடத்துவது. பட்ஜெட், கட்டடம், அறிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நாம்தான் வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டோம்.

எந்த வகுப்பு என்று கேட்டால் கிரேடு 4, அதிலும் வாசிப்பு. 2021-ல் பல நாடுகளில் நடந்த பேர்ல்ஸ் (PIRLS) வாசிப்பு ஆய்வில் தென்னாப்பிரிக்காவின் கிரேடு 4 பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு வாசித்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று தெரிந்தது, அதற்கு முன் 2016-ல் அது 78 ஆக இருந்தது. உங்கள் பள்ளியில் பக்கத்து ஊர்களான உம்லாசி, வெல்பெடாக்ட் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், வீட்டில் ஜூலு, பள்ளியில் கிரேடு 1-லிருந்தே ஆங்கிலம். ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். வரிக்குக் கீழே விரலை நகர்த்தி, ஒரு சொல்லையும் விடாமல், கமா வரும் இடத்தில் மூச்சுக்கூட விட்டு, பத்தி முழுவதையும் கணீரென்று வாசிப்பான். பாட்டி ஏன் கதவைப் பூட்டினாள் என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்ப்பான், பிறகு பக்கத்தைப் பார்ப்பான், பிறகு தரையைப் பார்ப்பான். அதே கேள்வியைப் பக்கத்துப் பெண் ஜூலுவில் கேட்டவுடன் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்வான். அந்த ஒரு நிமிடத்தில் பள்ளியின் ஆங்கில வாசிப்பைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது எந்த டிஸ்ட்ரிக்ட் அறிக்கையிலும் கிடைக்காது. அவன் மூன்றாவது டேர்மில் தானாகவே “ஏனென்றால்” என்று ஆரம்பித்துப் பதில் சொல்லும் நாளில் நீங்கள் கேட்கிற அந்தச் சந்தோஷம் வரும். இதை உறுதியாகவே சொல்கிறேன், பலரிடம் பார்த்திருக்கிறேன்.

வாரத்தில் இரண்டு பாடநேரம் போதும், ஆனால் காலையில் இருக்கட்டும். பிரேக்குக்குப் பிறகு என்று வைத்தால் ஒருநாளும் நடக்காது, அதற்குள் சண்டையோ காயமோ பெற்றோரோ வந்துவிடும். அந்த நேரத்தில் ஃபோன் செக்ரட்டரியிடம் இருக்கட்டும், பிள்ளைக்கு அடிபட்டாலோ போலீஸ் வந்தாலோ தவிர யாரும் கதவைத் தட்டக்கூடாது. உங்கள் மேலதிகாரியான சர்க்யூட் மேனேஜர் கூப்பிட்டாலும் “வகுப்பில் இருக்கிறார்” என்று சொல்லச் சொல்லுங்கள். பிரின்சிபல் வகுப்பில் இருப்பதைக் குறையாகச் சொல்ல யாராலும் முடியாது.

நேரம் எங்கிருந்து வரும்? நீங்கள் சுமக்கிற சுமையில் பாதி உங்களுடையதே இல்லை என்று எனக்குப் படுகிறது. 1996-ம் ஆண்டு பள்ளிகள் சட்டத்தைத் திரும்ப ஒருமுறை எடுத்து வாசியுங்கள். 16-வது பிரிவு பள்ளியின் ஆளுகையை எஸ்ஜிபியிடம், அதாவது பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி ஆளுகைக் குழுவிடம் கொடுக்கிறது, தொழில்முறை மேலாண்மையை உங்களிடம் கொடுக்கிறது. கட்டடத்தையும் நிலத்தையும் நிர்வகிப்பது 20-வது பிரிவின்படி எஸ்ஜிபியின் கடமை, 21-வது பிரிவின்படி பொறுப்பு ஒதுக்கப்பட்ட பள்ளிகளில் பராமரிப்பும் அவர்களுடையதே. கட்டணத்தை முடிவு செய்வது பெற்றோரின் பட்ஜெட் கூட்டம், கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு கொடுப்பதா என்று தீர்மானிப்பது எஸ்ஜிபி. எஸ்ஜிபியின் தலைவராக வருபவர் பள்ளியில் வேலை செய்யாத ஒரு பெற்றோராக இருக்க வேண்டும், ஓட்டுரிமை உள்ள மற்றவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் பெற்றோர் ஒருவராவது கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இவ்வளவும் எழுதியிருக்கும்போது கூரை ஒழுகினால் பிளம்பருக்கு ஃபோன் போடுவது யார்? நீங்கள். கட்டணம் பாக்கி வைத்த தகப்பனிடம் வாக்குவாதம் செய்வது யார்? அதுவும் நீங்கள். அதனால்தான் அந்தத் தகப்பன் உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

“எஸ்ஜிபியில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதோடு சரி” என்பீர்கள். பல இடத்தில் உண்மைதான். ஆனால் கமிட்டி வேலை நம் இந்தியச் சனத்துக்குப் புதிதா என்ன? நேட்டாலில் அரசு நமக்குப் பள்ளி கட்டித் தராத காலத்தில் கோயில் கமிட்டியும் ஊர்க்காரர்களும் வீடு வீடாகப் பணம் பிரித்து, கட்டடச் செலவில் ஒரு பங்கைத் தாங்களே கொடுத்து எழுப்பியவைதான் ஸ்டேட் எய்டெட், அதாவது அரசு உதவி பெற்ற பள்ளிகள். கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் செய்த வேலை அது. இன்றைக்கு உங்கள் பள்ளியில் இருக்கும் ஜூலு பெற்றோருக்கும் அதே அக்கறை இருக்கிறது, கூட்டம் அவர்களுக்கு வசதியான நேரத்தில் நடப்பதில்லை, பேச்சு அவர்கள் மொழியில் இல்லை, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை காலை கூட்டம் போடுங்கள், மொழிபெயர்க்க ஒரு ஆசிரியரை நிறுத்துங்கள், தண்ணீர்த் தொட்டி, வேலி, கழிவறை மூன்றையும் பெயர் சொல்லி மூன்று பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு விலகி நில்லுங்கள். முதல் இரண்டு மாதம் நீங்கள் செய்வதைவிட மோசமாகத்தான் நடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசி விஷயம் வேறு, அதைக் கைவிட முடியாது. சாட்ஸ்வொர்த் பள்ளிகள் பல காகிதத்தில் குவின்டைல் 4 அல்லது 5, அதாவது ஏழ்மையை வைத்துப் பள்ளிகளைப் பிரிக்கும் ஐந்து தரங்களில் வசதியானவை. அந்தத் தரம் பிரிப்பது பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வருமானம், வேலையின்மை, கல்வி நிலையை வைத்துத்தான், பிள்ளை எந்த வீட்டிலிருந்து டாக்ஸி ஏறி வருகிறது என்பதை வைத்து இல்லை. 1994-ல் தொடங்கிய பள்ளி உணவுத் திட்டம் பெரும்பாலும் குவின்டைல் 1 முதல் 3 வரையுள்ள கட்டணமில்லாப் பள்ளிகளுக்கே போகிறது. இது அநியாயம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். தரத்தை மாற்றக் கேட்டு மாகாணக் கல்வித்துறைக்கு எஸ்ஜிபி மூலம் விண்ணப்பியுங்கள், பிள்ளைகளின் வீட்டு நிலவரத்தைக் கணக்கெடுத்து இணையுங்கள். அது நகரும்வரை பக்கத்துக் கோயிலையும் மசூதியையும் சர்ச்சையும் கேளுங்கள், கேட்டால் இல்லை என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் குறைவு. பருப்புக்கறியும் சோறும் தட்டில் போட்டுக்கொடுக்கும் வரிசையில் வாரம் ஒருநாள் நீங்களும் கரண்டியோடு நில்லுங்கள். எந்தப் பிள்ளை இரண்டாம் முறை வருகிறது, எது தம்பிக்கென்று டப்பாவில் எடுத்து வைக்கிறது என்று தெரியும்.

காகித வேலையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி திறந்த பத்தாம் நாளில் பிள்ளைகளை எண்ணி அனுப்பும் கணக்கும் சம்பளம், விபத்து சம்பந்தப்பட்டவையும் தாமதிக்கக்கூடாது. மற்றதற்கு மதியம் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் இரவு பதில் போடுவதை நிறுத்திவிட்டு, அதை அசெம்ப்ளி மாதிரி எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் ஆசிரியர்கள். பத்தாம் நாள் கணக்கில் எண்ணிக்கை குறைந்தால் ஒரு நல்ல ஆசிரியரைக் கூடுதல் என்று எழுதி அனுப்ப வேண்டிய நிலை வரும், அந்த வேதனைக்கு மருந்து இல்லை. ஆனால் இருக்கிறவர்களை வளர்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. டெப்யூட்டியிடமும் டிபார்ட்மென்டல் ஹெட்களிடமும் வேலையை மட்டும் தள்ளாதீர்கள், முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். டைம்டேபிள் போடுகிறவர் அதை உங்களிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று சொல்லிப் பாருங்கள், ஒரு டேர்மில் அவர் நடையே மாறும். வகுப்பறையில் முப்பத்தைந்து பிள்ளைகள் வளர்வதைப் பார்த்து மகிழ்ந்தவர் நீங்கள். பெரியவர்கள் வளர்வதைப் பார்ப்பதிலும் அதே சுகம் உண்டு, அது பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும்.

55 பற்றிக் கேட்டீர்கள். சட்டப்படி ஆசிரியர் 55-ல் ஓய்வு பெறலாம், 65 வரை இருக்கவும் செய்யலாம். பொதுவாக 60-க்கு முன் போனால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓய்வூதியப் பலனில் வெட்டு விழும், சரியாக 55-ல் போனால் 20 சதவீதம். போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் களைத்துப்போன டிசம்பரில் அந்த முடிவை எடுக்காதீர்கள். அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான ஜிஇபிஎஃப்பிடம் எழுத்தில் ஒரு கணக்கு வாங்கி வீட்டாரோடு உட்கார்ந்து பாருங்கள். அதோடு வரும் ஜனவரியிலிருந்து ஒரு வருடம் அந்தக் கிரேடு 4 வகுப்பை எடுத்துப் பாருங்கள், எஸ்ஜிபி வேலையை எஸ்ஜிபியிடம் விடுங்கள். அடுத்த டிசம்பரிலும் ஞாயிறு சாயங்காலம் வயிறு கலங்கினால் 55-ல் கிளம்புங்கள், நானே படிவம் நிரப்ப உதவுகிறேன்.