சம்பளமில்லாத அரசு இன்டர்ன்ஷிப்: செலவுக்குப் பணம் யாரிடம் கேட்பது?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் டெல்லியில், மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் நிதி ஆயோக்கில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் செய்ய விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே பணம் எதுவும் தர மாட்டார்கள். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, மழை பிடித்தால் வேலை இல்லை. அம்மா குழு லோன் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கல்லூரியில் கேட்டால் ஏதாவது கிடைக்குமா?

பதில்: முதல் காரியமாக, குழு லோன் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வாங்கிய கொஞ்ச நாளிலேயே தவணை கட்டத் தொடங்க வேண்டும். ஆறு வாரம் முடிந்து நீங்கள் கொண்டுவரப் போவது சான்றிதழ். அதை வைத்துத் தவணை கட்ட முடியாது.

நிதி ஆயோக் நல்ல இடம், ஆசைப்பட்டது சரிதான். பிளஸ் டூவில் 85 சதவீதம் கேட்பார்கள், நான்காம் செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், குறைந்தது ஆறு வாரம் இருக்க வேண்டும். சொந்த லேப்டாப் கொண்டுபோக வேண்டும் என்பதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். உங்களிடம் இல்லையென்றால் துறையிலோ, தெரிந்த அக்கா அண்ணனிடமோ இரவல் கேட்டு வையுங்கள்.

இனி கல்லூரி. அலுவலக ஜன்னலில் நின்று “இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை உண்டா?” என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் ஒரு கணக்கு இருக்காது. அதற்காகப் பணமே இல்லை என்று நினைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். பழைய மாணவர் சங்கம், பெற்றோர் ஆசிரியர் கழகம், ஏழை மாணவர் நிதி என்று வேறு பெயர்களில் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். கேட்க வேண்டியது அங்கே.

கேட்கும் முன் ஒரு வேலை. உங்கள் சிலபஸை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில், இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் செய்து ஐந்தாம் செமஸ்டரில் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி) வாங்க இடம் இருக்கிறது. உங்கள் சிலபஸிலும் அது இருந்தால், துறைத்தலைவரிடம் பேசி இந்த ஆறு வாரத்தை அந்தக் கிரெடிட்டுக்கே கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் கோரிக்கையின் தன்மையே மாறிவிடும். டெல்லி போக ஒரு பிள்ளை காசு கேட்கிறாள் என்று யாரும் பேச முடியாது. பாடத்திட்டத்தில் உள்ள ஒன்றை முடிக்க மாணவி உதவி கேட்கிறாள், அவ்வளவுதான். கல்விக் கடன் வாங்கியிருக்கும் தோழிகளுக்கும் இது உதவும். பாடத்தை முடிக்கத் தேவையான புராஜெக்ட், கல்விச் சுற்றுலா போன்ற செலவுகளையும் வங்கிகளின் கல்விக் கடன் திட்டம் ஏற்கிறது.

கடிதம் ஒரு பக்கம் போதும். முதல் பத்தியில் எந்த நிறுவனம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் என்று எழுதுங்கள். அடுத்து செலவுக் கணக்கு. கன்னியாகுமரியில் இருந்து டெல்லி நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் போய்வர இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். பகிர்ந்து தங்கும் அறைக்கு ஆறு வாரத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்தாயிரம், சாப்பாட்டுக்கு ஏழாயிரம், மெட்ரோவுக்கு இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் இருபத்தைந்தாயிரம் பக்கம் வரும். அதன் கீழே, உங்கள் வீட்டில் எவ்வளவு போட முடியும் என்று எழுதுங்கள். இந்த வரியை விட்டுவிடாதீர்கள். தன் பங்காக மூவாயிரம் போடுகிறேன் என்று எழுதும் பிள்ளைக்கு மனமுவந்து தருவார்கள். அரசுப் பள்ளியில் படித்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதென்றால் இப்போதிருந்தே அதைத் தொடாமல் சேர்த்து வையுங்கள். உங்கள் பங்கு அதிலேயே வந்துவிடும்.

முழுத் தொகையையும் ஒரே இடத்தில் கேட்க வேண்டாம். ரயில் கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும், அறை வாடகையைப் பழைய மாணவர் சங்கத்திடமும் கேளுங்கள். நிதி ஆயோக்கில் சேரும்போது கல்லூரியின் தடையில்லாச் சான்று காட்ட வேண்டும். அதற்காக எப்படியும் முதல்வரைப் பார்ப்பீர்கள், கடிதத்தையும் அப்போதே கையில் கொடுங்கள்.

பழைய மாணவர்களிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1969-ல் படிப்பை முடித்த வகுப்பினர், தொண்டு நிறுவனங்களுக்குக் கோடைப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைக்க 1996-ல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள் வளைகுடா நாடுகளில் மட்டும் எத்தனை பேர்! ஒரு பேட்ச் நினைத்தால் வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்பலாம். பழைய மாணவர் சங்கப் பொறுப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுங்கள்.

தங்குமிடத்தில்தான் நிறைய மிச்சப்படுத்தலாம். நிதி ஆயோக் இருப்பது சன்சத் மார்க்கில், பக்கத்து மெட்ரோ நிலையம் பட்டேல் சௌக், மஞ்சள் வழித்தடம். அந்த வழித்தடத்திலேயே அறை தேடினால் அலைச்சலும் காசும் மிச்சம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிகளில் இடம் கிடைக்குமா என்று, எந்த மதமானாலும், உங்கள் ஊர்ப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய ஒரு கடிதத்துக்கு அங்கே நல்ல மதிப்பு இருக்கும்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய அது பெரிய கம்பெனிகளில் பயிற்சி தருவது. முழுநேரம் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு என்று தொடங்கியது அல்ல. இப்போதைக்கு அதை மறந்துவிடலாம். பணம் தரும் அரசு இன்டர்ன்ஷிப் வேண்டுமென்றால் வெளியுறவு அமைச்சகத்தைப் பாருங்கள். மாதம் பத்தாயிரம் ரூபாயும் போய்வர விமானக் கட்டணமும் தருகிறார்கள். பட்டம் முடித்த பிறகு முயலலாம்.

டெல்லி அமையவில்லை என்றால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு தொண்டு நிறுவனத்தில் சேருங்கள், வீட்டிலிருந்தே போய்வரலாம். சம்பளம் இல்லை என்று சொல்லும் நிறுவனமும் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கேட்டால் தரக்கூடும், ஏனென்றால் புராஜெக்ட் நிதியில் பயணச் செலவு என்று ஒரு தலைப்பு வழக்கமாக இருக்கும். சேரும் முன்பே கேட்டு, மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம், சான்றிதழ் கட்டணம் என்று உங்களிடமே பணம் கேட்கும் இடம் எதுவானாலும் பக்கத்தில் போகாதீர்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், திருக்குறள் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது. தேர்வானது தெரிந்த அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள்.